கண்டது, கேட்டது, படித்தது: மாணவர்கள் எழுதும் தகவல் நூல்கள்

(குறுவளமையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை, அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். ஆகவே நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

நம் மாணவர்கள் கதை எழுதுகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள். அவர்களுக்காகவே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்களும் வருகின்றன. மகிழ்ச்சியான செய்தி. நான் இன்று பேச வந்திருப்பது அவ்வளவாக நம் கவனத்துக்கு வராத இன்னொரு வகை எழுத்தைப் பற்றி. தகவல் நூல் என்று அதைச் சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லும் நூல். எறும்பைப் பற்றியோ, ஊர்க் குளத்தைப் பற்றியோ, மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவது பற்றியோ ஒரு மாணவர் தானே தகவல் திரட்டி, தானே எழுதி, படம் வரைந்து, பொருளடக்கம் வைத்து, அட்டை போட்டுத் தைத்த புத்தகம்.

எங்கள் பள்ளி தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கும் நடுநிலைப்பள்ளி. நான் அங்கே அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு ஆசிரியையும் நானும் சேர்ந்து சில ஆண்டுகளாக ஐந்து முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் இதைச் செய்து வருகிறோம். செய்முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முப்பது நோட்டு, ஒரே கட்டுரை

கட்டுரை நோட்டுகளை எடுத்துக்கொள்வோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தலைப்பு ‘மரம் வளர்ப்போம்’. முப்பது நோட்டுகளைத் திருத்தினால் முப்பதிலும் ஒரே கட்டுரை இருக்கும். மரம் மழை தருகிறது, நிழல் தருகிறது, தூய காற்று தருகிறது, ஆகவே மரம் வளர்ப்போம். பிழை அதிகம் இருக்காது. கையெழுத்தும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த முப்பது பேரில் பெரும்பாலோர் ஒரு மரத்தின் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி வாசலில் நிற்கிற வேம்பு எந்த மாதம் பூக்கிறது என்பது அந்த நோட்டுகள் எதிலும் இருக்காது. செயல்திட்டம் கொடுத்தாலும் இதே நிலைதான். கணினி மையத்தில் காசு கொடுத்தால் நான்கு பக்கம் அச்சாகி வந்துவிடுகிறது. பிள்ளை அதைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவருகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் சாருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தவரிடம், அவருக்குத் தெரிந்ததையே எழுதிக் காட்டுவது தேர்வு. தேர்வும் வேண்டும்தான். ஆனால் தெரியாத ஒருவருக்குத் தெரியப்படுத்துவதற்காக எழுதும் அனுபவம் பத்து ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

நான் சொல்ல வந்ததை இரண்டு வரியில் அடக்கலாம். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றை மாணவர் எழுத வேண்டும். எழுதிய ஒவ்வொன்றுக்கும், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை செய்பவை.

தலைப்பைச் சிறிதாக்குங்கள்

எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று கேட்டால் முதலில் வரும் பதில்கள் பெரியவையாக இருக்கும். விலங்குகள், விண்வெளி, கிரிக்கெட். பெரிய தலைப்பு பிள்ளையை நேராகப் பிறர் எழுதிய புத்தகத்திடம் கொண்டுபோய் விட்டுவிடும். பார்த்து எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. ஆகவே தலைப்பைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். ‘விலங்குகள்’ என்று சொன்ன பிள்ளையிடம், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆடு என்று சொல்லும். ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், குட்டி போட்ட அன்று என்னென்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கும். ‘ஆட்டுக்குட்டியின் முதல் பத்து நாள்’ என்பது நல்ல தலைப்பு.

தலைப்பு சரிதானா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். இதை நீ நேரில் பார்க்க முடியுமா? இதைப் பற்றிக் கேட்க ஊரில் ஆள் இருக்கிறாரா? இதில் உனக்கே தெரியாத, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற விஷயம் ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தொடங்கலாம். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எல்லாம் தெரிந்த தலைப்பு இரண்டு பக்கத்தில் சலித்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோர் செய்யும் தொழிலைத் தலைப்பாக நாம் கொடுக்கக் கூடாது. வீட்டு அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம் என்ற நல்லெண்ணத்தில் இதைச் செய்துவிட வாய்ப்பு உண்டு. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு எழுந்து, 1954இல் காமராசர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தவர்கள் நாம். தலைப்பைத் தேர்ந்தெடுப்பது முழுக்க மாணவரின் உரிமை. அப்பாவின் தொழிலைப் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளை எழுதட்டும். ஆசைப்படாத பிள்ளையிடம் ஏன் என்று கேட்கவும் வேண்டாம்.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பனையைப் பற்றி எழுதுகிறேன் என்று எழுந்தது ஓர் ஏழாம் வகுப்பு மாணவி. அவளுடைய அப்பா பேருந்து நடத்துநர். அதே வகுப்பில், பனையேறுபவரின் மகன் ஒருவன் இருந்தான். அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு ‘எங்கள் ஊர் வழியாகப் போகும் வண்டிகள்’. ஆளுக்கொரு வேலையைத் தொடங்கினார்கள். அது எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சீட்டு, ஒரு செய்தி

அடுத்த படி தகவல் திரட்டுவது. இதற்கு நோட்டு வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பழைய தாள்களை நான்காகக் கிழித்துச் சீட்டுகளாகக் கொடுக்கிறோம். ஒரு சீட்டில் ஒரு செய்தி மட்டும். சீட்டின் மூலையில் ஓர் எழுத்து. தானே கண்டது என்றால் ‘க’. யாரிடமாவது கேட்டது என்றால் ‘கே’. கூடவே யாரிடம் கேட்டது என்பதும் வேண்டும். படித்தது என்றால் ‘ப’. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்பதும் வேண்டும். மூன்று எழுத்தில் எதையும் போட முடியாத சீட்டைத் தனியே ஓர் உறையில் போட்டுவிடுவோம். அது தூக்கிப் போட வேண்டிய சீட்டு அல்ல. ‘இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று அந்த உறைக்குப் பெயர்.

சின்ன ஏற்பாடுதான். ஆனால் பெரிய வேலை செய்கிறது. எறும்புக்கு ஆறு கால் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வரையச் சொன்னால் பலர் அந்தக் கால்களை வயிற்றில் மாட்டிவிடுவார்கள். ‘க’ போட வேண்டும் என்றால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆறு கால்களும் நடுப்பகுதியான மார்பிலிருந்து புறப்படுவது தெரியும். பாடநூலில் உள்ள படத்தைப் பார்த்ததும், ‘சரியாத்தான் போட்டிருக்காங்க சார்’ என்று அந்தப் பிள்ளை சொல்லும். பாடநூலைச் சரிபார்க்கும் இடத்துக்குப் பிள்ளை வந்துவிட்டது. அறிவியல் கற்பித்தலில் இதைவிட வேறென்ன வேண்டும்?

‘கே’ சீட்டுக்கு முன்தயாரிப்பு வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய், ‘பனையைப் பற்றிச் சொல்லுங்க’ என்றால் அவர் என்ன சொல்வார்? ‘பனையப் பத்தி என்னத்தச் சொல்ல’ என்பார். ஆகவே கேள்விகளை வகுப்பிலேயே எழுதித் தயார் செய்கிறோம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் குறைத்து, எப்படி, எப்போது, எதற்கு, எதைக் கொண்டு என்று கேட்கப் பழக்குகிறோம். போவதற்கு முன் பெரியவரிடம் நேரம் கேட்க வேண்டும். அவர் சொன்னதை எழுதியபின் அவருக்கே ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். பெயரைப் போடலாமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றும் விதிகள்.

பனைப் புத்தகம்

இப்போது அந்த மாணவியிடம் வருவோம். அவள் முதல் வாரத்தில் கொண்டுவந்த சீட்டுகளில் ஒன்று: ‘ஆண் பனையில் நுங்கு காய்க்காது. அதனால் ஆண் பனையால் பயன் இல்லை.’ முதல் பாதிக்கு ‘க’ போட்டிருந்தாள். இரண்டாம் பாதிக்கு எழுத்து எதுவும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘காய்க்காததால பயன் இல்லதான சார்’ என்றாள். அது ஊகம். உறையில் போடு என்று சொல்வதற்குள், பின்வரிசையிலிருந்து பனையேறுபவரின் மகன் சொன்னான்: ‘ஆம்பளப் பனையிலயும் பதனி உண்டு சார். எங்கப்பா தெனமும் எறக்குதாவ.’

அந்தப் பையன் அதுவரை வகுப்பில் தானாக எழுந்து பேசியவன் இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் ‘கூலி’ என்றுதான் எழுதுவான். அன்றும் நான் அவனை எழுப்பி நிறுத்திப் பாராட்டவில்லை. ‘அப்படியா, நீ பார்த்திருக்கிறாயா?’ என்று மட்டும் கேட்டேன். பார்த்திருக்கிறேன் என்றான். அந்த மாணவி அவனைப் பார்த்து, ‘உங்க வீட்டுக்கு வந்து கேக்கலாமா?’ என்றாள்.

சனிக்கிழமை காலை அவளும் இரண்டு தோழிகளும் அவளுடைய அம்மாவோடு போனார்கள். திங்கட்கிழமை நாற்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளோடு வந்தாள். பாளையைச் சீவும் அரிவாள், ஆண் பனையின் பாளையை இடுக்கி நசுக்கும் கடிப்பு, காலில் மாட்டிக்கொள்ளும் தளைநார், மரத்தில் சாய்த்து முதலில் கால் வைக்கும் முருக்குத்தடி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடுவது, பாளையைக் காலையும் மாலையும் சீவுவது, பதனி காய்ச்சும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில் இருப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. அவற்றில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. சுண்ணாம்பு ஏன் புளிப்பதைத் தடுக்கிறது என்பதை மட்டும் எட்டாம் வகுப்பு அறிவியலோடு சேர்த்து நான் விளக்கினேன். காரத்தன்மை மிகுந்தால் நொதித்தல் நடைபெறாது என்ற ஒரு ‘ப’ சீட்டு அப்படிச் சேர்ந்தது. அமிலம், காரம் பாடத்தை அந்த ஆண்டு நான் தனியாகத் தொடங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

படங்களை வரைந்தபோது, அரிவாளுக்கும் கடிப்புக்கும் வடிவம் சரியாக வரவில்லை. அந்தப் பையன் திருத்திக் கொடுத்தான். புத்தகம் முடிந்ததும் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘சரிபார்த்தவர்’ என்று அவன் பெயரைப் போட்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் பாடநூல் உருவாக்கக் குழு என்று பெயர்கள் இருக்கும் அல்லவா, மேலாய்வாளர்கள் என்று? அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

அவனுடைய புத்தகமும் நன்றாக வந்தது. நான்கு மாலை நேரங்களில் சாலையோரக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் பதிவெண்ணை எழுதினான். 69 என்றால் தூத்துக்குடி, 72 என்றால் திருநெல்வேலி, 74 என்றால் நாகர்கோவில், 65 என்றால் இராமநாதபுரம். எந்த எண்ணில் எத்தனை வண்டி என்று நேர்க்கோட்டுக் குறிகளால் அட்டவணை போட்டான். எங்கள் ஊருக்கு யார் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அந்த அட்டவணை காட்டியது. கணக்குப் பாடத்தின் புள்ளியியல் பகுதி ஒரு சாலையோரத்தில் முடிந்துவிட்டது. பதிவெண் பற்றிய ‘கே’ சீட்டுகளை அவன் யாரிடம் வாங்கினான் தெரியுமா? அந்த மாணவியின் அப்பாவிடம்.

குவியலிலிருந்து இயல்

சீட்டுகள் சேர்ந்தபின் அவற்றை மேசை மேல் பரப்பி வைக்கிறோம். ஒரே செய்தி இரண்டு சீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுகிறோம். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைக் குவியலாக்குகிறோம். ஒவ்வொரு குவியலும் ஓர் இயல். குவியலுக்கு ஒரு தலைப்பு வைக்க வேண்டும். வைக்க முடியவில்லை என்றால் அதில் இரண்டு குவியல் கலந்திருக்கிறது, அல்லது சொல்லும்படி எதுவும் இல்லை.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்றொரு சிற்றூர். பள்ளியிலிருந்து தேர்ச்சியின்றி வெளியேற்றப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967இல் நூலாக வந்தது. தமிழிலும் வந்திருக்கிறது; இங்கே பலர் படித்திருப்பீர்கள். தாங்கள் அதை எழுதிய முறையையும் அந்தப் பிள்ளைகள் அந்நூலிலேயே விளக்கியிருக்கிறார்கள். ஒரு தாளில் ஒரு கருத்து, பிறகு குவியல், பிறகு தலைப்பு, பிறகு தேவையற்ற சொற்களை நீக்குவது, அதன்பின் அதிகம் படிக்காத வெளியாட்களை அழைத்துப் படிக்கச் சொல்லிப் புரிகிறதா என்று பார்ப்பது. கடைசிப் படியை நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியதை நான்காம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது. எங்கே தடுமாறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த வரியை எழுதியவர் மாற்றி எழுதுகிறார். நாம் சொல்லி மாற்றுவதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அதற்கும் முன்னால், 1920களில் பிரான்சில் செலஸ்தான் ஃபிரெனே என்ற கிராமத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஓர் அச்சு இயந்திரத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் அவரால் நீண்ட நேரம் சத்தமாகப் பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப் போனார். பார்த்ததை அவர்கள் எழுதினார்கள், எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அதுவே அவர்கள் படிக்கும் பாடமும் ஆனது. நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லை. நான்கு தாளும் ஊசி நூலும் இருக்கின்றன.

நான்கு தாள், பதினாறு பக்கம்

ஏ4 தாள் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தைத்தால் புத்தகம். எழுதும் முன் பிள்ளைகளிடம் ஒரு புதிர் போடுங்கள். மடிப்பைப் பிரித்தால் ஒரே தாளில் எந்த எந்தப் பக்கம் அருகருகே வரும்? 1ஆம் பக்கத்துக்கு அருகில் 16, 2க்கு அருகில் 15, 3க்கு அருகில் 14. எப்போதும் கூட்டினால் 17. இருபது பக்கப் புத்தகம் என்றால் கூட்டுத்தொகை என்னவாகும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பக்கங்களை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம். 1 அட்டை. 2 நன்றியும் நூல் விவரமும். 3 பொருளடக்கம். 4 முதல் 13 வரை இயல்கள். 14 அருஞ்சொல் விளக்கம். 15 சொல்லடைவு. 16 பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பு.

சொல்லடைவு இந்தச் சின்னப் புத்தகத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். ‘அகரவரிசைப்படுத்துக’ என்று தேர்வில் ஐந்து சொல் கொடுக்கிறோம். எதற்காக அந்த வரிசை என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. தன் புத்தகத்தில் ‘கலயம்’ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிறர் தேடி எடுக்க வேண்டும் என்றால், கடிப்பு, கருப்பட்டி, கலயம் என்று வரிசையில் அடுக்கியே ஆக வேண்டும். அப்படி ஒரு சொல்லடைவைத் தானே செய்த பிள்ளை, பெரிய புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது அதன் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள். அது உங்கள் பள்ளி நூலக அலமாரியில் இருந்தால் பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுங்கள். அகரவரிசையில் தேடத் தெரிந்தவர்களுக்கு அது திறந்த வீடு.

பிழை திருத்தம் எப்போது?

நம் கையில் சிவப்பு மை இருக்கிறது. அது சும்மா இருக்காது. ஆனால் முதல் படியில் அதை எடுக்காதீர்கள். முதல் வரைவில் கேள்விகளை மட்டும் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். ‘எவ்வளவு நேரம்?’, ‘யார் செய்வார்?’, ‘எனக்குப் புரியவில்லை, இன்னும் இரண்டு வரி எழுது.’ செய்தி முழுமையான பிறகு, இரண்டாம் வரைவில்தான் ர, ற, ல, ள, ழ, ந, ன, ண, ஒற்று எல்லாம். முதல் நாளே பிழைக்கு வட்டம் போட்டால், பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதத் தொடங்கிவிடும். ‘முருக்குத்தடி’ என்று எழுதுவதற்குப் பயந்து ‘குச்சி’ என்று எழுதிவிடும். நமக்கு வேண்டியது முருக்குத்தடிதான்.

வட்டாரச் சொல்லை மாற்ற வேண்டாம். அந்த மாணவி புத்தகம் முழுக்கப் ‘பதனி’ என்றே எழுதினாள். அருஞ்சொல் பக்கத்தில், ‘பதனி: பதநீர். எங்கள் ஊரில் பதனி என்போம்’ என்று இருந்தது. அடுத்த வரி, ‘கூப்பதனி: கருப்பட்டியாக ஊற்றுவதற்கு முன் பாகுபோல இருக்கும் பதனி.’ பொதுத்தமிழும் கற்றாயிற்று, ஊர்த்தமிழும் எழுத்தில் ஏறிவிட்டது.

சிறு வகுப்புகளும் மெதுவாக எழுதுவோரும்

ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ஒரே ஒரு தாள் போதும். எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பிரித்து மடக்கினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் கற்ற சொற்களே வரியாகும். ‘இது எங்கள் கோழி. இது கம்பு தின்னும். இது இரவில் கூடையில் தூங்கும்.’ எழுத வராத பிள்ளை சொல்லட்டும், நாம் எழுதுவோம், அதன்மேல் அது எழுதிப் பழகட்டும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் படமாகவோ, ஒட்டிய இலையாகவோ, சொல்லிப் பதிவு செய்த குரலாகவோ தங்கள் செய்தியைத் தரலாம். ‘கண்டது’ என்ற ‘க’ அவர்களுக்கும் உண்டு.

கைப்பேசி பற்றிக் கேட்பீர்கள். கேட்டவுடன் பத்து வரி கட்டுரையைக் கைப்பேசி கொடுத்துவிடுகிறது என்பது உண்மை. நாங்கள் தடை போடவில்லை. இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம். மொத்தச் சீட்டுகளில் ‘ப’ சீட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. புத்தகமோ கைப்பேசியோ, மூடி வைத்த பிறகுதான் சீட்டில் எழுத வேண்டும். உங்கள் தெருவில் பதனி காய்ச்சும் பாட்டி நேற்று என்ன சொன்னார் என்று கைப்பேசிக்குத் தெரியாது. அதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு இருக்கிறது, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் இருக்கின்றன. ஒரு பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்தால் பத்துப் பாடவேளை போதும். தலைப்புக்கு ஒன்று, கேள்விகளுக்கு ஒன்று, சீட்டுச் சரிபார்க்க இரண்டு, குவியலுக்கு ஒன்று, வரைவுக்கு இரண்டு, படத்துக்கு ஒன்று, நகலெடுக்க ஒன்று, பொருளடக்கம், சொல்லடைவு, தையலுக்கு ஒன்று. தகவல் திரட்டுவது பள்ளி நேரத்துக்கு வெளியே. இந்தப் பத்தைத் தமிழும் அறிவியலும் சமூக அறிவியலும் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு மூன்று நான்குதான் வரும். வளரறி மதிப்பீடு (அ)வில் எப்படியும் செயல்பாடுகள் செய்தாக வேண்டும். அவற்றில் ஒன்றாக இதை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் போடும்போது நான்கைப் பாருங்கள்: ஒவ்வொரு செய்திக்கும் மூலம் இருக்கிறதா, இயல்கள் ஒழுங்காகப் பிரிந்திருக்கின்றனவா, படத்தில் பாகங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, இரண்டாம் வரைவில் முன்னேற்றம் இருக்கிறதா. அட்டையின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். வைத்தால், வீட்டில் வசதி உள்ள பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும்.

முடிந்த புத்தகத்தை என்ன செய்வது? நிலைப்பேழையில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். நூலக இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்துப் பதியுங்கள். மற்ற நூல்களைப் போலவே வழங்குங்கள், திரும்பப் பெறுங்கள். எங்கள் பள்ளியில் பனைப் புத்தகம் பலமுறை கைமாறி ஓரம் கிழிந்து, மறுபடி தைக்கப்பட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் தங்கள் நூல்களிலிருந்து ஒரு பக்கம் படிக்கிறார்கள். பனையேறும் அந்த அப்பா ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார். புத்தகத்தை வாங்கிப் படங்களை மட்டும் மெதுவாகப் புரட்டினார். தளைநார் படத்தில் முடிச்சு தவறு என்று சொன்னார். அந்த மாணவி அங்கேயே அழித்து, அவர் சொன்னபடி வரைந்தாள். அவருடைய மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆண்டு கடைசியில் நிரப்பிய படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘பனையேறுதல்’ என்று அவன் எழுதியிருந்தான். அவன் என்னவாகப் போகிறான் என்று கேட்டால், வண்டிகள் சம்பந்தமான வேலை என்கிறான். இரண்டும் சரியாகவே இருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு புத்தகம், உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவர் எழுதியது, கொண்டுவாருங்கள். குட்டிப் புத்தகமாக இருந்தாலும் சரி. இங்கே இந்த மேசையில் பரப்பி வைத்துப் படிப்போம். சுற்றுவட்டாரத்தின் இத்தனை ஊர்களைப் பற்றி நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பது அப்போது தெரியும். சீட்டுக்கு வேண்டிய பழைய தாள்களைத் திங்கட்கிழமையே ஒதுக்கி வைக்கத் தொடங்குங்கள்.